தொட்டதும் பாக்டீரியாவைக் கொல்லும் பூச்சுகள்

தன்மேல் வந்து படியும் பாக்டீரியாவை அங்கேயே அழித்துவிடும்படி உருவாக்கப்படும் மேற்பூச்சுகள் இவை. கதவுக் கைப்பிடி, மருத்துவமனைக் கட்டிலின் கம்பி, உடலுக்குள் செலுத்தும் குழாய் போன்றவற்றுக்கு இவை பெரிதும் தேவை. எவர்சில்வர் மேல் சில பாக்டீரியாக்கள் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இந்த ஆற்றலை இயல்பாகவே உடைய உலோகம் செம்பு. செம்பின் கிருமிகொல்லும் தன்மைக்கு அறிவியல் விளக்கம் தேடும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. கார்ல் நெகேலி என்ற அறிவியலாளரின் ஆய்வு 1893-இல் வெளிவந்தது. செம்பிலிருந்து கழலும் அயனிகள் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைத்து, உள்ளே புகுந்து புரதங்களையும் கெடுக்கின்றன. செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தில் இந்தப் பயன் கிடைக்காது; செம்பை நீர் தொடுவதே இல்லை.

அயனியைக் கசியவிடும் பூச்சு நாளடைவில் தீர்ந்துபோகும். எதையும் கசியவிடாமல் கொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் கிளிபனோவ் குழு 2001-இல் விடை கண்டது. கண்ணாடித் தகட்டில் பாலிவினைல்பிரிடின் என்ற பாலிமரை வேதிப்பிணைப்பால் நட்டு, அதில் கார்பன் சங்கிலிகளைச் சேர்த்தார்கள். இந்தச் சங்கிலிகள் நீரை வெறுப்பவை. விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். பாலிமரின் நேர்மின்னூட்டம் அவற்றை விலக்கி நிறுத்துகிறது. அப்படி நீண்டு நிற்கும் இழைகள் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கின்றன. இருமலில் தெறிப்பதுபோல் கிருமிகளைத் தெளித்துச் சோதித்தபோது, ஆறு கார்பன் சங்கிலி கொண்ட தகட்டில் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சுமார் 94 விழுக்காடு மடிந்தது. சங்கிலி பத்து கார்பனைத் தொட்டதும் பயன் போய்விட்டது. இத்துறையின் நுட்பமே இந்த அளவறிதலில்தான் இருக்கிறது.

இந்தியாவில் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் ஜெயந்த ஹால்தார் குழு 2020-இல் வெளியிட்ட பூச்சு நமக்கு இன்னும் நெருக்கமானது. பருத்தித் துணியில் தடவிப் புற ஊதா ஒளி காட்டினாலே அது இழையோடு பிணைந்துவிடும். மருந்துக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸையும் இன்ஃபுளுயன்சா வைரஸையும் அது அழித்தது.

இவற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு. செத்த பாக்டீரியாவும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் மேலே படிந்தால், அடுத்து வரும் கிருமி பூச்சைத் தொடாமலே பிழைத்துக்கொள்ளும். ஆகவே பூச்சிட்ட கைப்பிடியையும் அன்றாடம் துடைத்தே ஆக வேண்டும்.