காம்பாருக்கு இழுத்த ஆகர்ஷணம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், புஜாங் மலாக்கா மலையடிவாரத்திலுள்ள காம்பார், வெள்ளீயத்தால் பிறந்த நகரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் செய்தி பரவியதும் தென்சீனத்து ஜனங்கள் வந்து குவிந்து, பொற்புதையல் என்று பொருள்படும் எழுத்துக்களால் ஊரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரை இழுத்ததோ மண்ணின் பொருளன்று. சொந்த ஊர்க்காரன் ஒருவனுடைய வாய்ச்சொல்.

அவன்தான் கங்காணி. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுக் கப்பல் கட்டணத்தை ஏற்றது; 1910-இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நின்றபின், ஆள் திரட்டும் காரியம் பெரும்பாலும் கங்காணியின் கைக்கு வந்தது. தோட்டத்துத் துரை பெற்றுத் தந்த லைசென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, சரிகைக்கரை வேட்டியும் விரலில் மோதிரமுமாக ஊருக்குள் நுழைந்து, திண்ணையில் உட்கார்ந்து, வந்தவர்க்கெல்லாம் வெற்றிலை நீட்டி, "ஏன் மாப்பிள்ளே, பண்ணையிலே கிடந்து என்ன கண்டே?" என்று அவன் கேட்கும்போது, மழை பொய்த்து, கடனில் மூழ்கி, மிராசுதாரின் ஏச்சையும் அடியையும் தாங்கிக் கிடந்த ஒருவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் ஏது? அன்னியன் சொல்லியிருந்தால் சந்தேகம் எழுந்திருக்கும்; சொன்னவன் மாமன் அல்லது பங்காளி. உறவின் பேரில் வைத்த நம்பிக்கையே இங்கே விலைபேசப்பட்டது என்பதுதான் இச்சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. ஏனெனில் சேர்த்த ஆளுக்குக் கமிஷனும், அந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசும் கங்காணிக்குக் கிடைத்தன.

அவன் பேச்சை நம்பிப் புறப்பட்டவனுக்கு நாகப்பட்டினத்து டிப்போ, கப்பலின் மேல்தட்டு, பினாங்கில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு ரயில். கடைசியில் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, உளியால் பட்டையை மெலிதாகச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்னும் காவடிக்கம்பு அழுத்தும் தோளோடு ஸ்டோருக்கு நடந்தவர்களுக்கு, 1920-களின் இறுதியில் நிர்ணயமான தினக்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்த 1930-களின் ஆரம்பத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தபோது கங்காணியின் ஆள் திரட்டும் தொழில் முடிந்தது.

அவனை மட்டும் வஞ்சகன் என்று தூற்றுவது நியாயமாகாது. அவனும் பெரும்பாலும் ஒரு காலத்தில் அதே பெரட்டில் நின்றவன். ஆசை காட்டச் சொன்னவர்களும் அதன் லாபத்தை லண்டனில் பங்கிட்டுக்கொண்டவர்களும் வேறு. பேராசையால் கடல் கடந்தார்கள் என்று நம் முன்னோரைப் பேசுவோருக்கு, அவர்கள் விட்டுவந்த பண்ணைகளின் கொடுமை தெரியாது. காம்பாரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் அன்பர்களே, உங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்தத் தோட்டத்திற்கு வந்தார்கள் என்பதை வீட்டு மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.