முன்னெழுத்தில் இல்லாத அம்மா

என் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முன்னெழுத்து. குடும்ப அட்டையில் கணவரின் முன்னெழுத்து. இரண்டு பெயரும் ஒருத்தியுடையதே என்று நிரூபிக்க அலைந்தபோதுதான், பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்பது யார் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ராஜபாளையத்து ராஜுக்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு வீட்டுப்பெயர் உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராக இருந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். ‘பூ’ என்பது பூசபதி என்ற வீட்டுப்பெயர். ‘ச’ என்பது தந்தை சஞ்சீவியின் பெயர். வடக்கே விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரம் ஜமீன் குடும்பத்துக்கும் பூசபதிதான் வீட்டுப்பெயர். இப்படி ஒரு பெயர் தலைமுறைகளையும் தொலைவையும் கடந்து நிற்கிறது. ஆனால் அதைக் கடத்துபவர்கள் மகன்கள் மட்டுமே. தெலுங்கு வழக்கில் பெண்ணுக்குத் திருமணமானால் வீட்டுப்பெயரும் மாறிவிடும். வீட்டைச் சுமப்பவளுக்கு வீட்டுப்பெயர் நிலையில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் மெக்டொனால்ட் போன்ற பெயர்களில் வரும் ‘மெக்’ என்பதற்கு ‘மகன்’ என்று பொருள். அங்குள்ள கேலிக் மொழியில் மகளுக்கு ‘நிக்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது மகளும் ‘மெக்’ ஆகிவிடுகிறாள். ஆனாலும் பழைய ஸ்காட்லாந்தில் மனைவியர் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிடவில்லை. கல்லறைக் கற்களில்கூட அந்தப் பெயரே பொறிக்கப்பட்டது. திருமணமானால் பெயர் மாறியே தீரவேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான விதி அல்ல.

ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார் என்கிறது மரபு. அந்தக் கோதை தன் பாசுரங்களை முடிக்கும்போது வளர்த்தவரின் பெயரோடு சேர்த்தே தன் பெயரைச் சொல்கிறாள். அரங்கனையே மணாளனாக வரித்தவள், அவன் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைக்கவில்லை. தந்தை பெயர்தானே என்று கேட்கலாம். ஆனால் அது ரத்த உறவால் வந்த பெயர் அல்ல. வளர்ப்பால் வந்த பெயர்.

வளர்ப்பதுதான் உரிமை என்றால், அம்மாக்களின் பெயர்கள் எங்கே போயின? தாயும் இயற்கைக் காப்பாளரே என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல்தான். பெண்ணியம் பேசும் நானும் என் மகளுக்கு அவள் அப்பாவின் எழுத்தைத்தான் போட்டேன். அன்று யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வேறு ஓர் எழுத்து இருக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை.