அந்த மற்ற ஐந்து பேர்



தரம் 11 வரலாற்றில் முதலாம் உலக மகாயுத்தம் படிப்பிக்கும்போது மன்னர்கள் வருவார்கள், உடன்படிக்கைகள் வரும். சண்டையில் மௌத்தான சாதாரண சிப்பாய் வருவதில்லை. அப்படி ஐந்து பேரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக யோசனை.

1914 ஒக்டோபர் 31. பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் ஹொலபெக் என்ற கிராமம். பிரித்தானிய இந்தியப் படையின் 129ஆவது பலூச்சி படையணி அங்கே நிற்கிறது. பெயர்தான் பலூச்சி, ஆட்கள் பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியரும். மாதம் 11 ரூபா சம்பளம். இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வெப்ப நாட்டுப் பருத்தி உடுப்போடு வந்து இறங்கிய ஆட்கள் அவர்கள்.

அன்று இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளில் ஒன்று ஷெல் விழுந்து அழிந்தது. பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி காயப்பட்டார். மற்றத் துப்பாக்கியில் ஆறு பேர். கடைசி வரைக்கும் சுட்டார்கள். ஐந்து பேர் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். ஆறாவது ஆள் குதாதாத் கான் பலத்த காயத்தோடு விழுந்து கிடந்தார். செத்துவிட்டார் என்று நினைத்து ஜேர்மன் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போக, பிறகு ஊர்ந்து வந்து தன் படையோடு சேர்ந்தார். இந்தியச் சிப்பாய்களில் முதலாவது விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. 1971 வரை வாழ்ந்தார்.

அந்த விருதை அறிவித்த 1914 டிசம்பர் லண்டன் வர்த்தமானியில் குதாதாத் கானின் பெயர் இருக்கிறது. உயிர் போனவர்கள் அதில் 'மற்ற ஐந்து பேர்' என்ற எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் படை வரலாற்று நூலில் தேடினால் கிடைக்கும். ஆனால் யார் தேடுகிறார்கள்?

அதே நவம்பரில் உஸ்மானிய சுல்தான் ஜிஹாத் பிரகடனம் செய்தார். கலீபா ஒரு பக்கம், உப்பிட்ட சர்க்கார் மறுபக்கம். முஸ்லிம் சிப்பாயின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். 1915 பெப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு படையணியின் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்ய, 47 பேர் பகிரங்கமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு இங்கே நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட கலவரத்தை அடக்க இறக்கப்பட்டதும் பஞ்சாபிப் பட்டாளம்தான். ஒரே நாட்டு ஆட்கள் எங்கெல்லாம் அனுப்பப்பட்டார்கள் பாருங்கள்.

ஐரோப்பாவில் இருந்தவர்கள் ஊருக்குக் கடிதம் அனுப்பினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லி எழுதுவித்தார்கள். தணிக்கைக்காரர் படிப்பார் என்று தெரியும்; ஆகவே சிலர் இந்தியச் சிப்பாயைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாயைச் சிவப்பு மிளகாய் என்றும் குறிப்பிட்டு, எது எவ்வளவு தீர்ந்துபோனது என்று சொன்னார்கள். தணிக்கைக்காரருக்கும் அது விளங்கியது. அதனால்தான் இன்று நமக்கும் தெரிகிறது.

காயப்பட்டவர்களை இங்கிலாந்தின் பிரைட்டன் மாளிகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர்க் குழாய். மௌத்தான முஸ்லிம்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே அடக்கினார்கள். முஸ்லிம் சிப்பாய்களை மார்க்க முறைப்படி அடக்குவதில்லை என்று ஜேர்மனி பிரசாரம் செய்ததால், அரசாங்கமே மதில் எழுப்பி, குவிமாட வாசல் வைத்து, 1917இல் ஒரு மையவாடியைக் கட்டி முடித்தது. பாசத்தால் கட்டியது என்று நான் நம்பவில்லை, பயத்தால் கட்டியது. என்றாலும் கட்டினார்கள். 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும், பிறகு ஒட்டமாவடி மஜ்மா நகருக்கு மையித்தைக் கொண்டுபோனதையும் கண்ட நமக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. இரு யுத்தங்களிலும் சேர்த்து அங்கே அடக்கப்பட்டவர்கள் 27 பேர். கப்ருகள் பின்னர் புரூக்வுட்டுக்கு மாற்றப்பட்டன. பழைய இடத்தில் இப்போது 27 மரங்களும் 27 பெயர்களும் இருக்கின்றன.

பிரான்ஸில் நெவ் ஷப்பெல் நினைவிடத்திலும் கப்ரு தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன.

ஈராக்கின் பஸ்ரா நினைவிடம் வேறு மாதிரி. அங்கே வெள்ளைக்காரர்களில் கடைநிலைச் சிப்பாயின் பெயரும் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்குப் படையணியின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஒரு எண். இப்படி எண்ணாகிப் போனவர்கள் 30,000க்கும் மேல். இதைக் கட்டிய ஆணைக்குழுவின் கொள்கை என்ன தெரியுமா? இறந்தவர்களுக்குள் பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு இல்லை என்பதுதான். ஐரோப்பியர் வந்து பார்க்கும் பிரான்ஸில் அதைக் கடைப்பிடித்தார்கள். பஸ்ராவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும். 2021இல் அந்த ஆணைக்குழுவே தன் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அதே 2021இல் இன்னொரு செய்தியும் வந்தது. லாகூர் நூதனசாலையின் நிலவறையில், யுத்தம் முடிந்த கையோடு பஞ்சாப் அரசாங்கம் தயாரித்த பதிவேடுகள் கிடந்தன. ஏறத்தாழ 26,000 பக்கங்கள், 320,000 சிப்பாய்களின் விபரம். கிராமம் கிராமமாக எழுதியிருக்கிறார்கள்: பெயர், வாப்பாவின் பெயர், எந்தப் படையணி, திரும்பி வந்தாரா இல்லையா. நூறு வருடத்துக்குக் கிட்ட யாரும் அதைப் புரட்டவில்லை. முதலில் மூன்று மாவட்டங்களின் பக்கங்களைக் கணினியில் ஏற்றினார்கள். இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபிக் குடும்பங்கள் இப்போது அதில் தங்கள் ஊரைத் தேடி, அப்பப்பாவின் வாப்பாவின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்.