இரண்டாகப் பிரிந்த வகுப்பறை - மழலையர் ஆசிரியர் பயிற்சியின் கதை

மாண்டிசோரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது என்ன? ஊருக்கு ஊர் இருக்கும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகை, கொஞ்சம் கூடுதலான கட்டணம், வண்ண வண்ண மரக்கட்டைகள். ஆனால் அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் கற்பிக்கும் முறை, பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாமல் ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து வந்தது. அந்த முறை எப்படிப் பிறந்தது, பிறகு எப்படி இரண்டாகப் பிளந்தது என்பதைப் பார்த்தால், இன்றைய ஆசிரியர் பயிற்சியில் உள்ள ஒரு பெரிய சிக்கலும் புரியும்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1800-ஆம் ஆண்டு, அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பேச்சறியாத ஒரு சிறுவன் பிடிபட்டான். அவனைப் பரிசோதித்த புகழ்பெற்ற மருத்துவர் பினேல், இவனைத் திருத்த முடியாது என்று கைவிரித்துவிட்டார். ஆனால் பாரிசில் காதுகேளாதோர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் ழான் இட்டார் அதை ஏற்கவில்லை. விக்டர் என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறுவனுக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் பாடம் நடத்தினார். விக்டருக்குப் பேச்சு கடைசி வரை சரியாக வரவில்லை. ஆனால் தனித்தனி எழுத்துகளை எடுத்து அடுக்கி, 'பால்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை உருவாக்கக் கற்றுக்கொண்டான்.

இட்டாரின் மாணவர் எடுவார் செகேன் அதை ஒரு முறையாக வளர்த்தார். புலன்களையும் தசைகளையும் பழக்கினால் அதன் வழியாக அறிவு வளரும் என்பது அவர் கருத்து. பாரிசில் தொடங்கிய அவர் பிறகு அமெரிக்கா சென்று அங்கும் இதே பணியைத் தொடர்ந்தார். 1866-ல் ஆங்கிலத்திலும் ஒரு நூல் எழுதினார். ஆனால் பொதுப் பள்ளிகளில் பெரிய மாற்றம் வரவில்லை. இந்த முறை 'அந்தக் குழந்தைகளுக்கானது' என்று ஒதுக்கி வைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் மரியா மாண்டிசோரி வருகிறார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகள் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். 1898-ல் டூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் அதைத் துணிந்து பேசினார். இட்டார், செகேன் ஆகியோரின் எழுத்துகளை முதலிலிருந்து கடைசி வரை தன் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். நிதானமாகப் படித்து உள்வாங்குவதற்காகவே அப்படிச் செய்தார்!

1900-ல் ரோமில் ஒரு புதிய பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. மாண்டிசோரியும் அவருடைய சக மருத்துவர் ஜுசெப்பே மான்டெசானோவும் அதன் இயக்குநர்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அதோடு சேர்ந்தே குழந்தைகளின் வகுப்பும் நடந்தது. அதாவது, புத்தகத்தில் படித்ததைப் பக்கத்து அறையில் பார்க்கலாம். மாண்டிசோரி காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அந்தக் குழந்தைகளோடு இருந்தார். தன்னுடைய உண்மையான கல்விப் பட்டம் இதுதான் என்று பின்னாளில் எழுதினார்.

விளைவு என்ன? அங்கு படித்த சில குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்று, பொதுப் பள்ளித் தேர்வில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேறினார்கள். எல்லோரும் அதிசயம் என்றார்கள். மாண்டிசோரிக்கோ வேறு கவலை வந்தது. இந்தக் குழந்தைகளே இவ்வளவு எட்டுகிறார்கள் என்றால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்பதே அவர் கேள்வி.

அந்த முறையில் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? ஓர் எடுத்துக்காட்டு, செகேனிடமிருந்து வந்த மூன்று படிப் பாடம். முதல் படியில் ஆசிரியர் 'இது சிவப்பு, இது நீலம்' என்று காட்டுவார். இரண்டாவது படியில் 'சிவப்பைக் கொடு' என்பார். மூன்றாவது படியில்தான் 'இது என்ன நிறம்?' என்று கேட்பார். குழந்தை தவறாகச் சொன்னால் திட்டக் கூடாது, திருத்தவும் கூடாது. இன்னும் நேரம் வரவில்லை என்று புரிந்துகொண்டு, பாடத்தை வேறொரு நாளைக்குத் தள்ளிப்போட வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தவறைக் குழந்தையின் குற்றமாகப் பார்க்காமல், பாடத்தைப் பற்றிய தகவலாகப் பார்க்க ஆசிரியரைப் பழக்குவது எளிதல்ல.

1901-ல் மாண்டிசோரி அந்தப் பள்ளியிலிருந்து விலகினார். அதே ஆண்டில் மான்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மாண்டிசோரிக்கும் மான்டெசானோவுக்கும் 1898-ல் பிறந்த மாரியோ என்ற மகன் அப்போது வேறொரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். காரணம் எதுவானாலும், கல்வி வரலாற்றில் இது ஒரு பிரிவினை. மான்டெசானோ மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியிலேயே தொடர்ந்தார். மாண்டிசோரி எல்லாக் குழந்தைகளின் பக்கம் திரும்பினார்.

1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பின் சுவர்களில் கிறுக்கித் திரிந்த சுமார் 50 பிள்ளைகள்தான் மாணவர்கள். பழைய பள்ளியில் இருந்தது போல மரத்தில் எழுத்துகள் செய்து தர இங்கே ஆள் கிடைக்கவில்லை. அதனால் காகிதத்திலும் உப்புத்தாளிலும் எழுத்துகளை வெட்டிக்கொண்டார்கள். குழந்தை உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவும், கண்ணால் பார்க்கும், அதன் ஒலியைச் சொல்லும். காதால் பிடிபடாதது விரலால் பிடிபடும். கணக்குக்கு 10 கம்புகள். சிறியது 10 செ.மீ., பெரியது 1 மீட்டர். எட்டு என்பது ஐந்தைவிடப் பெரியது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

1909-ல் மாண்டிசோரியின் முதல் பெரிய நூலும் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பும் வந்தன. 1913-ல் ரோமில் சர்வதேசப் பயிற்சி நடந்தது. 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் அவரே சென்னை அடையாறுக்கு வந்தார். கூடவே மாரியோவும் வந்தார். அங்கு நடந்த பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மாரியோவைச் சிறைவைத்தது. மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாளையொட்டி அவரை விடுவித்தது. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் மாண்டிசோரியின் பணி தொடர்ந்தது.

முறை உலகம் சுற்றியது. ஆனால் அது எந்தக் குழந்தைகளிடம் பிறந்ததோ, அவர்கள் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். இத்தாலியிலேயே 1923-ன் கல்விச் சீர்திருத்தம் பார்வையற்ற, காதுகேளாத குழந்தைகளுக்கும் கட்டாயக் கல்வியை விரிவாக்கியது, ஆனால் பெரும்பாலும் தனி நிறுவனங்களில்தான். 1968-ல் அரசு மழலையர் பள்ளிகளைத் தொடங்கிய சட்டமும் இவர்களுக்குத் தனிப் பிரிவுகளையே வகுத்தது. தனி வகுப்பு என்றால் தனி ஆசிரியர். தனி ஆசிரியர் என்றால் தனிப் பயிற்சி. அப்போது சாதாரண வகுப்பு ஆசிரியர் 'இந்தக் குழந்தை என் பொறுப்பில்லை' என்று சொல்ல வழி பிறந்துவிடுகிறது.

இந்தச் சுவரை இத்தாலியே உடைத்தது. 1977-ன் 517-ஆம் எண் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்து, பொது வகுப்பில் துணை ஆசிரியர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1982-ல் இது மழலையர் பள்ளிக்கும் வந்தது. 1992-ன் 104-ஆம் எண் சட்டம், துணை ஆசிரியர் ஒரு குழந்தைக்கு மட்டும் உரியவர் அல்ல, வகுப்பு முழுவதற்கும் இணைப் பொறுப்பாளர் என்றது. 1998-99 கல்வியாண்டில் மழலையர், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தொடங்கியது. 2010-ல் அது ஐந்தாண்டுப் படிப்பானது. மொழி, கணக்கு, வரலாறு, அறிவியல் கற்பிப்பதோடு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்வியும் அதே பட்டத்தின் பகுதியாக இருக்கிறது. இதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. குழந்தையைத் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும் பழக்கம் சட்டத்தால் மட்டும் மறைந்துவிடாது.

இந்தியாவிலும் இதே பிளவு சட்ட நூலிலேயே பதிவாகியிருக்கிறது. சிறப்பாசிரியர் பயிற்சியை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்துக்கு 1992-ல் ஒரு சட்டம். மற்ற ஆசிரியர்களுக்கான தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு 1993-ல் இன்னொரு சட்டம். பின்னர் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்கியது. குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும், ஆனால் ஆசிரியர்கள் இரு வேறு பாதைகளில் பயிற்சி பெற்று வருகிறார்கள் என்ற நிலை இப்படித்தான் உருவானது.

எண்ணும் எழுத்தும் கற்பிப்பது ஒரு பாடம், எல்லாக் குழந்தையையும் சேர்த்துக்கொள்வது இன்னொரு பாடம் என்று பாடத்திட்டம் பிரிக்கிறது. 1900-ல் ரோமில் அந்தப் பயிற்சிப் பள்ளியில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எழுத்தைப் பிடிக்க முடியாத குழந்தைக்காகத் தேடிய வழிதான் பிறகு எல்லாக் குழந்தைக்கும் எழுத்தைக் கொடுத்தது. அந்தக் குழந்தை வகுப்பில் இல்லாமல் போயிருந்தால் உப்புத்தாள் எழுத்து யாருக்கும் கிடைத்திருக்காது.