மாறொளி விண்மீன் பதிவுகளின் குறியீட்டு மொழி

காலத்துக்குக் காலம் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்கள் மாறொளி விண்மீன்கள் எனப்படும். இவற்றின் பொலிவைக் கண்ணால் மதிப்பிட்டுத் தொழில்சாரா நோக்கர்கள் எழுதிவைத்த பதிவுகள், தனிமனிதப் புலனுணர்வு பொதுக் குறியீடாக மாறிய வரலாற்றைக் காட்டுகின்றன.

'சற்றே ஒளி மிக்கது' எனும் தொடரை இருவர் ஒரே அளவில் பொருள்கொள்வதில்லை. ஜெர்மானிய வானியலாளர் ஆர்கலாண்டர் 1844இல் ஆர்வலர்களுக்கு விடுத்த அழைப்பில் இதற்கு வழி கண்டார். இரு மீன்களும் சமமாகத் தோன்றின் சுழி. கூர்ந்து நோக்கியபின் ஒன்று மிகச் சிறிதே மிகுந்து தோன்றின் ஒரு படி. ஐயமின்றி மிகுந்திருப்பின் இரு படி. பார்த்த அளவிலேயே வேறுபாடு புலப்படின் மூன்று படி. ஒளியை அளக்கும் கருவி ஏதும் இதில் இல்லை. நோக்குவோனின் தயக்கமே எண்ணாயிற்று.

அமெரிக்காவில் 1911இல் தோன்றிய மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், ஒப்பீட்டு மீன்களின் பொலிவெண்களைப் படங்களில் குறித்து வழங்கியது. இம்முறையில் எண் குறைய ஒளி மிகும். 8.2, 8.6 எனும் இரண்டுக்கும் சரிநடுவே தோன்றும் மீன் 8.4 என்று பதிவாகும். ஆனால் படத்தில் 8.2 என்பது 82 என்றே காணப்படும். தசமப்புள்ளியை இன்னொரு விண்மீனாகக் கொள்ளும் மயக்கத்தைத் தவிர்ப்பதற்கே இவ்வழக்கம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்ட தமிழ் ஏடெழுதுவோரை இது நினைவூட்டும். காரணம் வேறாயினும், விடுபட்ட புள்ளியைப் படிப்போரே இட்டுக்கொள்ளும் நிலை இரண்டிலும் ஒன்றே. நாளும் ஆண்டு, மாதமாக அன்றி ஜூலியன் நாளெண்ணாக எழுதப்பட்டது. அந்நாள் நண்பகலில் தொடங்குவதால் ஐரோப்பிய நோக்கரின் ஓரிரவு இரு தேதிகளாகப் பிளவுபடுவதில்லை.

இக்குறியீட்டின் பயனை உணர்த்துபவர் ராதாகோவிந்த சந்திரர் (1878–1975). பட்டம் பெறாத இவர், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசோரில், அரசுக் கருவூலத்தில் நாணய நோட்டம் பார்த்தவர். (பழந்தமிழில் இத்தொழிலர் வண்ணக்கர் எனப்பட்டனர், சங்கப் புலவர் பெயர்களிலும் இச்சொல் காணப்படும்.) 1918 ஜூனில் கழுகு விண்மீன் குழுவில் வெடித்தொளிர்ந்த புதுமீனைத் தாமே கண்டறிந்து ஹார்வர்டு ஆய்வகத்துக்கு எழுதினார். அதன்வழி அமெரிக்கச் சங்கத்தின் தொடர்பு கிட்டியது. 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் அங்கிருந்து வந்து சேர்ந்தது. 1954 வரை அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவை பேராசிரியர்களின் மதிப்பீடுகளோடு ஒரே வரைகோட்டில் இடம்பெற்றன. எழுதியவரின் கல்வித் தகுதியைச் சொல்லும் கட்டம் அப்பதிவில் இல்லை. 1947 பிரிவினைக்குப்பின் அவர் மேற்கு வங்கத்தில் குடியேறியபோதும் பதிவுகள் தொடர்ந்தன. அவர் கண் வைத்து நோக்கிய தொலைநோக்கி, பின்னர் வைணு பாப்புவின் வழியாகத் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்தை அடைந்தது.