குளிர்காலத்தில் உதகமண்டலம் செல்லும் முன்: நாள்பட்ட நோயுள்ளோரும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி ஆகிய மலை ஊர்களுக்கு இரண்டு, மூன்று நாள் பயணமாகக் குடும்பத்துடன் செல்வோர் பலர். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா முதலிய நாள்பட்ட நோய்கள் இருந்தாலும், அவை நன்கு கட்டுப்பாட்டில் இருக்குமானால் பெரும்பாலானோர் இப்பயணத்தைப் பாதுகாப்பாக மேற்கொள்ளலாம். அதற்கு முன்கூட்டிய திட்டமிடல் தேவை.

மலையில் நோயாளிகளுக்கு நேரும் ஆபத்துகளுள் முக்கியமானது, அறிகுறிகளைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். மூச்சு வாங்கினால் ‘ஏற்றம்’ என்றும், உடல் நடுங்கினால் ‘குளிர்’ என்றும், தலை வலித்தால் ‘பயணக் களைப்பு’ என்றும் எளிதாக விளக்கம் சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் பல நேரங்களில் சரியாகவும் இருக்கலாம். தவறாக இருக்கும்போது சிகிச்சைக்கான நேரம் வீணாகிறது. எதைக் குளிர் என்று விடலாம், எதை விடக்கூடாது என்பதை நோயாளியும் உடன் செல்வோரும் அறிந்துகொள்ள இப்பக்கம் உதவும்.

மலை ஊரில் உடலுக்கு என்ன நேர்கிறது?

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சமவெளியிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் இவ்வுயரத்தை அடைந்துவிடுகிறோம்.

உயரம்: உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. இதை ஈடுசெய்ய மூச்சும் இதயத் துடிப்பும் சற்று விரைவாகின்றன. நலமான உடல் இதை எளிதில் சமாளிக்கும். கடுமையான மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களிலேயே காணப்படுகிறது. ஆனால் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் ஆற்றல் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இந்த உயரமே சுமையாகலாம்.

குளிர்: இம்மாதங்களில் இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். தாழ்வான பகுதிகளில் உறைபனி படியும். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வேலை கூடுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்று ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யும்.

யார் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில், மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இன்றிச் செல்ல வேண்டாம்.

• அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை அல்லது ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர்கள்
• சிறிது நடந்தாலே அல்லது ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்படுபவர்கள்
• வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள், நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள்
• கடந்த சில வாரங்களில் ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்
• கடும் இரத்தசோகை உள்ளவர்கள்
• அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்கள் (குளிர், நீரிழப்பு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும் கடும் வலித் தாக்குதலைத் தூண்டக்கூடியவை)
• இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாத அல்லது பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒரு முறையைக்கூடத் தவறவிடலாகாது. இரு டயாலிசிஸ் நாட்களுக்கு இடையே திரும்ப இயலாதெனில் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டு வாரங்களுக்கு முன்

மருத்துவரைச் சந்தித்து, செல்லும் இடத்தையும் நாட்களையும் கூறுங்கள். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்ஃபுளுவென்சா தடுப்பூசி தேவையா என்றும் கேளுங்கள். தடுப்பூசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், பயண நாட்களில் மாத்திரை தீர்ந்துவிடாதபடி முன்னதாகவே சுகாதாரப் பணியாளரிடம் தெரிவியுங்கள். பயண நாட்களுக்கு வேண்டியதைவிட மூன்று, நான்கு நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

கைப்பையில் வைத்திருக்க வேண்டியவை:

• எல்லா மருந்துகளும், அவற்றின் பெயரும் அளவும் எழுதிய தாளும்
• கடைசி ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை
• குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தக் கருவி (வீட்டில் இருந்தால்)
• குளுக்கோஸ் அல்லது சர்க்கரை
• வெந்நீர் நிரப்பிய ஃபிளாஸ்க்

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளது. வழியில் புட்டி வாங்கலாம் என்று எண்ணாமல் தண்ணீரை உடன் கொண்டு செல்லுங்கள். மாவட்டத்திற்குள் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது. புறப்படும் முன் அதைப் பெற்றுவிட்டால், நோயாளியுடன் சோதனைச் சாவடியில் காத்திருக்க நேராது.

மலை ஏறும் நாள்

காலையில் புறப்பட்டு வெயில் இருக்கும்போதே சென்று சேருங்கள். மாலையில் மூடுபனியும் குளிரும் சேர்ந்துகொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் அமர்ந்து தொலைவில் உள்ள காட்சியை நோக்குங்கள். இட்லி போன்ற எளிய உணவைக் குறைவாக உண்ணுங்கள். வெறும் வயிற்றில் செல்ல வேண்டாம். வாந்தித் தடுப்பு மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் சாப்பிட வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரைகளைச் சாப்பிடக்கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் செல்வோர், பயணம் ஏறத்தாழ 5 மணி நேரம் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரையை அன்று எந்நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

தங்கும் நாட்களில்

முதல் நாள் ஓய்வு நாளாகவே இருக்கட்டும். ஏரிக்கரை போன்ற சமதளமான இடங்களுக்கு முதலில் செல்லுங்கள். தாவரவியல் பூங்காவும் ரோஜாப் பூங்காவும் சரிவில் அமைந்தவை. அங்கு கீழ்ப்பகுதியோடு நின்றுகொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை. 2,600 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள தொட்டபெட்டாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாட்களில் மூச்சு வாங்கியவர்கள் அங்குச் செல்ல வேண்டாம்.

இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதிகாலை நடைப்பயிற்சியைத் தவிர்த்து, வெயில் ஏறியபின் வெளியே செல்லுங்கள். ஒரே தடித்த ஆடையைவிட, அடுக்கடுக்காக அணியும் ஆடைகள் சூட்டை நன்கு காக்கும். தலை, காது, கை, பாதம் ஆகியவற்றை மூடுங்கள். மது அருந்தினால் உடல் சூடாவதுபோல் தோன்றினாலும், உண்மையில் உடல் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது.

ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் குளிர்ந்துவிட்டால் மருந்து சரியான அளவில் வெளிவராது. அதைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை இரவில் வாகனத்திலோ சன்னல் ஓரத்திலோ வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் கணப்பின் அருகில் கால் நீட்டுவதையும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். சுடுவது தெரியாமலே தீப்புண் உண்டாகிவிடும்.

முதியவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழ நேரிடலாம். கழிப்பறை இணைந்த தரைத்தள அறையைக் கேட்டுப் பெறுங்கள். படுக்கையருகே கைவிளக்கும் செருப்பும் இருக்கட்டும்.

மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம்

குளிருக்காக அறைக்குள் கரி அடுப்போ பார்பிக்யூ அடுப்போ வைத்துக் கதவு, சன்னல்களை அடைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தணல் அணைந்ததுபோல் தோன்றினாலும் வாயு வந்துகொண்டிருக்கும். காற்றோட்டமற்ற குளியலறையில் உள்ள எரிவாயு கீசரும் இதே ஆபத்தை உண்டாக்கும். கூடுதல் கம்பளியோ மின்சார ஹீட்டரோ கேட்டுப் பெறுங்கள்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மயக்கமான உறக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரே அறையில் உள்ள ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், அதை உயரத்தின் விளைவு என்று எண்ணாதீர்கள். அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். இந்த நச்சுநிலையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

‘குளிர்தான்’ என்று விட்டுவிடக்கூடாத அறிகுறிகள்

நடுக்கம்: நீரிழிவு உள்ளவருக்கு நடுக்கத்துடன் வியர்வை, படபடப்பு, பசி, குழப்பம் இருந்தால் அது சர்க்கரைக் குறைவாக இருக்கலாம். குளிரில் வியர்ப்பது இயல்பன்று. அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பு தெரியாமலும் போகலாம். உடனே சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 70 மி.கி.க்குக் கீழ் இருந்தாலோ, பரிசோதிக்க இயலாவிட்டாலோ 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

மூச்சுத்திணறல்: ஏற்றத்தில் வாங்கும் மூச்சு, சில நிமிட ஓய்வில் தணிய வேண்டும். ஓய்விலும் தணியாவிட்டால், படுத்தால் கூடினால், பேச்சு தடைப்பட்டால் அது அவசரநிலை. ஆக்சிமீட்டர் அளவு மலையில் சில புள்ளிகள் குறைவது இயல்பே. குளிர்ந்த விரலில் அது தவறாகவும் காட்டும். கையைச் சூடாக்கி மீண்டும் பாருங்கள். அப்போதும் 90-க்குக் கீழ் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெஞ்சுவலி: நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவற்றை ‘வாயு’ என்று ஒதுக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியின்றி மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றலாம்.

தடுமாற்றம்: வாய் கோணுதல், ஒரு பக்கக் கை, கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். கை மரத்துப்போவது குளிராலும் நேரும். ஆனால் ஒரே பக்கம் மட்டும் வலுவிழந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

எங்கே செல்வது?

உதகமண்டலத்திலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவு, மலைப்பாதையில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். எனவே, ‘கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நோயாளியை நேராக வாகனத்தில் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் அரசு லாலி மருத்துவமனை அல்லது அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு முதலில் செல்லுங்கள். 2023-இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மருந்துகள் அளிக்கப்படுகின்றன. அதன்பின் ஆம்புலன்சில் மேல்சிகிச்சைக்குச் செல்வதே பாதுகாப்பானது.

தங்கும் விடுதியின் பெயரையும் அருகில் உள்ள அடையாளத்தையும் சென்று சேர்ந்த அன்றே உங்கள் கைப்பேசியில் குறித்து வையுங்கள். 108-ஐ அழைக்கும்போது அவர்கள் முதலில் கேட்பது இதுவே.

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை மற்றும் தகவல்: 104

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் நோய்நிலைக்கேற்ற முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்து எடுங்கள். மருந்துகளின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம்.