உலையில்லாக் கொல்லர்: அந்தமான் தீவுகளின் இரும்பு வரலாறு

வட சென்டினல் தீவினரைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘கற்கால மனிதர்’ என்னும் அடைமொழியும் உடன்வருகிறது. உலோகத் தொழிலின் வரலாற்றோடு பொருந்தாத சொல் இது. அவர்களுடைய அம்புகளின் முனை இரும்பாலானது.

உலோக வேலை செம்பில் தொடங்கியது. தாதுவை உருக்கக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே, இயற்கையில் உலோகமாகவே கிடைத்த செம்பைக் கல்லால் தட்டி மணியும் ஊசியும் செய்தனர். துருக்கியின் சாயொனுவில் கிடைத்த அத்தகைய பொருள்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையவை. குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். மேலும் அடித்தால் வெடிக்கும். நெருப்பிற் காட்டினால் மீண்டும் நெகிழும். நம் கன்னார் குடம் அடிக்கையில் தகட்டை இடையிடையே உலையிலிட்டு எடுப்பது இதனால்தான்.

அந்தமானியரிடம் தாது உருக்கும் வழக்கம் இருந்ததில்லை. சிப்பியும் எலும்புமே அவர்களுடைய பழைய கருவிப் பொருள்கள். இரும்பைக் கொணர்ந்தது கடல். பவளப்பாறைகளில் மோதிச் சிதைந்த கப்பல்களின் ஆணிகளையும் பட்டைகளையும் அவர்கள் கழற்றி எடுத்தனர். பல ஆண்டுகள் அங்கே அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன் 1880களில் வெளியிட்ட ஆய்வில், கல்லைப் பட்டடையாகவும் கல்லையே சுத்தியலாகவும் கொண்டு, இரும்பைக் காய்ச்சாமலே தட்டி அம்புமுனையும் வாய்ச்சியும் செய்ததை விவரிக்கிறார். செம்பில் மனிதர் முதன்முதலில் கையாண்ட அதே நுட்பத்தை இவர்கள் செம்பைவிடக் கடினமான இரும்பில் கையாண்டனர். வாய்ச்சி இரும்பாலானபின் மரத்தைக் குடைந்து தோணி செய்வது எளிதாயிற்று.

இவ்வரவு நின்றுவிடவில்லை. 1867இல் நினேவே என்ற வணிகக் கப்பல் வட சென்டினலின் பாறைகளில் மோதிச் சிதைந்தது. 1981 ஆகஸ்டில் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அங்கேயே தரைதட்டியது. மாலுமிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். பின்னர் அதை உடைக்க வந்தோரிடம் தீவினர் தோணியில் வந்து இரும்புத் துண்டுகளைப் பெற்றுச் சென்றதாகப் பதிவுண்டு. 1974இல் படப்பிடிப்புக் குழுவொன்று கரையில் விட்டுச்சென்ற பரிசுகளுள் தேங்காயையும் அலுமினியப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டனர். பொம்மையையும் கட்டியிருந்த பன்றியையும் மண்ணிற் புதைத்தனர்.

எது பயன்படும், எது வேண்டா என்று தெரிந்து தேர்ந்தவர்களின் செயல் இது. ஜாரவாக்களும் அண்டைக் குடியேற்றங்களிலிருந்து இரும்பையும் உலோகப் பாத்திரங்களையும் நாடி எடுத்துச் சென்றனர்.

‘கற்காலம்’ என்ற சொல்லால் ஏற்படும் கேடு பெரிது. காலத்தில் உறைந்தவர்கள் என்று ஒருவரைக் கருதிவிட்டால், அவரைத் திருத்தலாம் என்ற எண்ணமும் வேடிக்கை பார்க்கலாம் என்ற எண்ணமும் ஒருங்கே எழும். ஜாரவா காட்டினூடே செல்லும் சாலையில் சுற்றுலாப் பயணிகள் கண்டதும் இவ்வேடிக்கையையே. 1956இன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அயலார் நுழைவைத் தடுக்கிறது. அதற்கு வலுவான நியாயங்கள் உண்டு; நம் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுக்கில்லை என்பது அவற்றுள் முதன்மையானது. அவர்கள் தொழில் அறியாதவர்கள் என்பது அந்நியாயங்களுள் ஒன்றன்று. நூறாண்டுக்கு மேலாக இரும்பு வேலை செய்யும் மக்களுக்கு வேறு பெயர் சூட்டுவோம்.